ஆம்பூரில் நான் மாப்பிள்ளையான ஞாயிற்றுக்கிழமை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் மட்டும்தான் வளர்ந்தேன். சின்ன ர, பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்குத் தீராத சந்தேகம். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் பேனாவை அழுத்தி, எந்த எழுத்து என்று தெரியாதபடி எழுதியிருக்கிறேன். அச்சுக் கோர்க்கிறவர் பொறுத்துக்கொண்டு சரியானதைப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் எழுதுகிறவன் இல்லை, ஜீப் ஓட்டுகிறவன். இதை எழுதச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். ஏன் சொன்னார் என்பது கடைசியில் வரும்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். இளவயதில் லாரியில் கிளீனராக அஸ்ஸாம் போனேன். ஜோர்ஹாட் பக்கத்தில் வெள்ளம் வந்து பாலம் போய்விட்டது. லாரி வாரக்கணக்கில் நின்றது. அந்த நாட்களில், ஜீப் ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போய் நின்றேன். தண்ணீர் வடிந்து லாரி கிளம்பியபோது நான் ஏறவில்லை. இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போனால் நாலு வார்த்தை பேச வேண்டுமே என்ற பயத்திலேயே காலம் ஓடிவிட்டது.

அந்த அம்மாவின் பெயர் தருலதா. நாங்கள் கூப்பிடுவது பாய்தேவ். அக்கா என்று அர்த்தம். அங்கே மதிப்புக்குரிய எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். கதை எழுதுவார். ஆனால் ஊருக்கெல்லாம் அவரைத் தெரிவது பாட்டினால்தான். கல்யாணத்தில், தாலாட்டில், நெல் குத்தும் இடத்தில் பெண்கள் பாடுகிற பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறவர். புத்தகம் எழுதுகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர் உட்கார்ந்தது என் ஜீப்பில்தான்.

பாய்தேவுக்கு ஒரு முறை உண்டு. பாட்டை மெஷினில் பிடிக்க மாட்டார். ஆரம்பத்தில் பிடித்தாராம், இரண்டு மழைக்காலத்தில் டேப்பெல்லாம் பூஞ்சை பூத்துவிட்டது. அதிலிருந்து, பாடுகிறவர் பாட வேண்டும், இவர் அதைத் திருப்பிப் பாடிக் காட்ட வேண்டும். பாடியவர் "ஹொய்சே" என்று சொல்ல வேண்டும். ஆயிற்று, சரியாகிவிட்டது என்று பொருள். அந்த வார்த்தை வராதவரை அந்தப் பாட்டு சேர்த்த கணக்கில் வராது. ஒருமுறை ஆற்றங்கரையில் துணி துவைத்த ஒரு பெண், துணியெல்லாம் காயும்வரை இவரைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தாள். ஜீப்பில் நான் தூங்கி எழுந்தபோதும் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி. வேலூர்தான் போக வேண்டும் என்றார்கள். அஸ்ஸாமில் யாருக்கு என்ன என்றாலும் வேலூர் என்பார்கள். துணைக்கு நான். தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமாம்.

காட்பாடியில் இறங்கி ஆட்டோவில் ஏறினோம். பாலாற்றுப் பாலத்தில் போகும்போது பாய்தேவ் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "எதற்கு இவ்வளவு நீளப் பாலம்? ஆறு எங்கே?" என்று கேட்டார்.

"மேடம் இன்னா கேக்குறாங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆறு எங்கன்னு கேக்குறாங்க."

"இதாங்க ஆறு. மழை ஜாஸ்தி பேஞ்சா தண்ணி வரும். வந்தா டிவில காட்டுவாங்க."

நான் அதை மொழிபெயர்த்தேன். பாய்தேவ் மணலைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் பக்கத்து ஆறு வருஷத்துக்கு ஒரு ஊரைத் தின்னும். "இப்படி ஒரு சாதுவான ஆறு நமக்கு வாய்க்கவில்லையே" என்றார்.

ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெங்காலி போர்டுகள், பெங்காலிச் சாப்பாடு, கடுகு எண்ணெய் வாசனை. லாட்ஜில் அடுப்பு வாடகைக்குத் தருகிறார்கள். நோயாளிக்குப் பிடித்ததை நாமே சமைத்துக்கொள்ளலாம். பாய்தேவுக்குப் புளிப்பு மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. நான் தோளில் அஸ்ஸாம் துண்டோடு மீன் வாங்கப் போனேன்.

"ஆவோ தாதா, கட்லா, ரோகு, தாஜா" என்றார் மீன்காரர். பெங்காலியில் தாதா என்றால் அண்ணன்; துண்டைப் பார்த்து அந்த ஊர் ஆள் என்று நினைத்துவிட்டார்.

"கட்லா நேத்து வந்ததா, இன்னிக்கு வந்ததா?" என்று தமிழில் கேட்டேன்.

"அட, நல்லா தமிழ் பேசுறியே தாதா. எத்தினி வருசமா இங்க இருக்குற?"

"பொறந்ததுல இருந்து."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவில் போனால், "தமிழ் தாதா போறாரு" என்பார்கள். சொந்த நாட்டுக்கு வந்து வெளியூர்க்காரன் ஆனேன். என் தமிழிலும் கோளாறு இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அதை நான் பேசியது ஜீப்போடு மட்டும்தான்.

பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, டாக்டர் அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்றார். உயிருக்குப் பயமில்லை. ஆனால் கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது. குரல் கொஞ்ச காலம் அடைத்துக்கொள்ளும். மேல்சுருதி திரும்பி வருமா என்று இப்போதே சொல்ல முடியாது. அதுவரை தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அழுவார் என்று நினைத்தேன். படியில் இறங்கும்போது, "புத்தகத்துக்கு இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது முருகன்" என்று மட்டும் சொன்னார்.

அது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். ஆற்றுக்கு நடுவில் காதோனி என்று ஒரு மணல்தீவு. அங்கே ஒரு பெண் இருந்தாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்து பாடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பாய்தேவ் அவளிடம் ஒரு பாட்டைப் பாதிவரை வாங்கினார். அதற்குள் தண்ணீர் ஏறுகிறது என்று படகுக்காரன் கத்தினான். மீதியை அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருஷம் போனபோது தீவே இல்லை. பாட்டுக்காரி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். சனங்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள்.

பாய்தேவுக்கு வேளை நல்ல வேளை போலும். அன்று சாயங்காலம் லாட்ஜில் பக்கத்து அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கத்து ஆள். பேச்சு வாக்கில், "காதோனிப் பாட்டுக்காரியா? அவள் மகள் ஜுன்மணி இங்கே பேரணாம்பட்டில்தானே ஷூ தைக்கிறாள். என் மச்சானும் அங்கேதான் இருந்தான்" என்றார். பாய்தேவ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

டில்லியில் இருக்கும் அவர் மகள் அன்றைக்கும் போன் செய்தாள். "அம்மா பேசக்கூடாது, அலையக்கூடாது. எங்கேயும் போகாதீர்கள்."

"எங்கேயும் போகவில்லை. ஆம்பூர்ப் பக்கம் பிரியாணி சாப்பிடப் போகிறோம்" என்றார் பாய்தேவ். எதற்கு அப்படிச் சொன்னாரோ, அது அப்படியே பலித்தது.

சனிக்கிழமை பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறினோம். பாய்தேவ் கட்டுவது மேகலா சாதோர். பாவாடை போல ஒன்று, மேலே தாவணி போல ஒன்று. பார்க்கச் சேலை மாதிரியே இருக்கும். பாதி வழியில் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம்.

"ஸ்டெப்னி எங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"பஞ்சர் கடையில இருக்குது" என்றார் கண்டக்டர், அதில் என்ன தப்பு என்பது போல.

நின்ற நேரத்தில் பெண்கள் பாய்தேவைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் பேசாமல், சாதோரை அவிழ்த்து மறுபடி கட்டிக் காட்டினார். ஒரு பெண் இரண்டு துண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல பட்டுப் புடவைய ரெண்டா வெட்டிட்டாங்களேம்மா, யாரு இந்த வேலைய செஞ்சது" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டாள். நான் இதை மொழிபெயர்க்கவில்லை.

ஊர் நெருங்க நெருங்கத் தோல் வாசனை. எனக்கு மூச்சு முட்டியது. பாய்தேவ் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார். "நம் ஊரில் கருவாடு காய்கிற நாள் மாதிரி இருக்கிறது" என்றார்.

பேரணாம்பட்டில் விசாரித்துப் போன வீட்டு வாசலில் ஒரு அம்மா முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். விரல் நிற்காமலே பேசினார். "ஜுன்மணியா? அஸ்ஸாம்காரப் பொண்ணுதானே? அது போய் எம்மா நாளாவுது. இங்க சம்பளம் கம்மின்னு ஆம்பூர் போய்ட்டா. எங்க சின்னம்மா பொண்ணு ஷமீம் பேகம் வீட்லதான் ரூமு புடிச்சி குடுத்தேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அவளுக்கு அப்பாவா?"

"டிரைவர்" என்றேன்.

"டிரைவருன்னா பஸ்ல ஏன் வந்தீங்க?"

நான் ஆம்பூர் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கு லீவு. ஆம்பூரில் இறங்கியதும் பாய்தேவ், "மகளிடம் பொய் சொன்னதாக இருக்கக்கூடாது" என்று சொல்லி முதலில் ஒரு பிரியாணிக் கடைக்குள் போனார். சீரகச் சம்பா அரிசி, கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. எங்கள் பக்கம் அஸ்ஸாமில் காரம் என்றால் பச்சை மிளகாயைத் தனியாகக் கடிப்பது. இங்கே காரம் சோற்றுக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வழிய, அவர் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்.

ஷமீம் பேகத்தின் வீடு ஒரு சந்துக்குள். முன்னால் அவர் குடியிருப்பு. பின்னால் வரிசையாக அறைகள், நடுவில் சிமெண்ட் முற்றம். எங்களைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர், வேடிக்கை பார்க்கலாம் என்று வாசல் கேட் பக்கத்தில் நின்றுவிட்டார். ஜுன்மணி துணி அலசிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். பாய்தேவைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்தாள். யார் என்று கேட்கவே இல்லை. "அம்மாவிடம் பாதிப் பாட்டு வாங்கிக்கொண்டு போனவர்" என்றாள்.

அஸ்ஸாமில் ஒன்றைக் கேட்டுப் போனால் வெறுங்கையோடு கேட்கக்கூடாது. பித்தளைத் தட்டத்தில் வெற்றிலையும் ஊறவைத்த பச்சைப் பாக்கும் வைத்து நீட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும். பாய்தேவ் ஊரிலிருந்தே பாக்கு கொண்டுவந்திருந்தார். தட்டம் இல்லாததால் லாட்ஜில் வாங்கிய எவர்சில்வர் மூடியில் வைத்து நீட்டினார். ஜுன்மணி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "நானும் ஒண்ணு துன்னு பாக்கறேன்" என்று ஷமீம் பேகம் கை நீட்டினார். நான் தடுப்பதற்குள் மென்றுவிட்டார். காது சிவந்தது, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"யா அல்லா, இன்னாதும்மா இது, தலை கிர்ருன்னுது" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். விசிறி எடுத்து வீசினோம்.

இவ்வளவும் ஆன பிறகு பாய்தேவ் விஷயத்தைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு திருப்பிப் பாடிக் காட்ட முடியுமா என்று தெரியாது. அதனால் இன்றைக்கே அந்தப் பாட்டு வேண்டும்.

ஜுன்மணி தலையைச் சொறிந்தாள். "சும்மா பாடச் சொன்னால் வராது பாய்தேவ். முன்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கைப் பார்த்தால்தானே மூக்கைப் பாட முடியும்? யாராவது ஒருத்தரை உட்கார வையுங்கள்."

நான் அவசரமாக ஆட்டோக்காரரைக் கைகாட்டி, இவருக்கு மூக்கு நன்றாக இருக்கிறதே என்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் பின்வாங்கினார். "எனக்கு வேணாம்பா. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. வீட்ல தெரிஞ்சா சோறு கிடையாது."

அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய்தேவும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது ஜீப்பை ஓட்டு, நிறுத்து, இரண்டுதான். நான் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்தில் அஸ்ஸாம் துண்டைப் போட்டார்கள். ஷமீம் பேகம் தன் மகன் கல்யாணத்தில் கட்டிய ஜரிகைத் தலைப்பாகையைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். அது காதுவரை இறங்கியது.

பக்கத்து அறைகளிலிருந்து அஸ்ஸாம் பெண்கள் வந்தார்கள். ஜுன்மணியோடு ஒரே வரிசையில் தைக்கிற கஸ்தூரியும் வந்தாள்; மாதனூர்ப் பக்கம் கிராமத்துப் பெண். முதலில் அஸ்ஸாம் பெண்கள் நாக்கைச் சுழற்றி உருலி போட்டார்கள். எங்கள் சிவகங்கையில் அதுதான் குலவை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிலிர்த்து முடிப்பதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

மாப்பிள்ளை வந்தான், மூக்கு முதலில் வந்தது, படகு பிறகு வந்தது. இது மூக்கா, துடுப்பா, சொல்லடி தோழி. இரண்டு காதும் இரண்டு முறம், யானை வந்து இரவல் கேட்டது. நடக்கிறானா, நண்டு நகர்கிறதா.

"இன்னாண்ணா சொல்றாங்க?" என்றாள் கஸ்தூரி.

"மூக்கு துடுப்பு மாதிரி இருக்குதாம்."

"யாரு மூக்கு?"

"என் மூக்குதான்."

"கொஞ்சம் அப்பிடித்தாண்ணா இருக்குது" என்றாள். என்னை வைகிற வசவை நானே மொழிபெயர்க்க வேண்டிய நிலைமை வேறு யாருக்கும் வந்திருக்காது. தலைப்பாகை பெரிதாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பாதி முகம் அதற்குள்.

திடீரென்று பாட்டு நின்றது. ஜுன்மணி வாயைத் திறந்தாள், மூடினாள். "இவ்வளவுதான் வருகிறது. இதற்கு மேலும் அம்மா பாடுவாள். எப்படி எடுப்பாள் என்பது நினைவில்லை."

பாய்தேவிடம் இருந்த பாதியும் அதே இடத்தில்தான் நின்றது. அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுச் சிமெண்ட் தரையைப் பார்த்தார். வெள்ளத்தில் ஜீப் மிதந்தபோதுகூட வெள்ளத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர். அவர் தரையைப் பார்த்து நான் கண்டதில்லை.

அப்போது ஷமீம் பேகம் எழுந்தார். பாக்கு மயக்கம் தெளிந்திருந்தது. "இன்னாம்மா இது? ஒரு ஆளப் புடிச்சி ஒக்கார வச்சி, எல்லாரும் சேந்து பேஜார் பண்றீங்க. மாப்பிள்ளை பக்கம் கேக்க ஆளு இல்லன்னு நெனச்சீங்களா? நம்ம தமிழ் ஆளு. நாங்க இருக்கோம்." கையைத் தட்டி உருதுவில் ஒன்று பாடினார். உங்கள் பெண்ணின் நாக்கு கம்பெனிக் கத்தரிக்கோல், தோல் இல்லாமலே செருப்பு வெட்டும் என்று அர்த்தம். அஸ்ஸாம் பெண்களுக்கு ஹிந்தி தெரியும். ஓ என்று கூச்சல் போட்டார்கள்.

"இரு அக்கா, நானும் ஒண்ணு" என்று கஸ்தூரி, நலங்கு மெட்டில் இரண்டு வரி எடுத்துவிட்டாள். மூக்கு எதற்கு நீளமாக இருக்கிறது என்பதற்கு அதில் பதில் இருந்தது. பெண் அழுதால் உச்சி மோந்து தேற்றுவதற்காம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அர்த்தம் சொல் என்று. உச்சி மோப்பதற்கு அஸ்ஸாமியில் எனக்கு வார்த்தை அகப்படவில்லை. தலைப்பாகையைக் கழற்றி, என் உச்சந்தலையைத் தொட்டு, மூச்சை இழுத்துக் காட்டினேன். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் முத்தம் என்றேன்.

ஜுன்மணி சிரிக்கவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றினாள். அவள் அம்மா அப்படித்தான் நிற்பாள், எனக்கு நினைவிருக்கிறது. அவள் தானாகப் பாடியதாகவே தெரியவில்லை. பாட்டு வந்தது.

துடுப்பு என்று சொன்னோம், கோபம் வேண்டாம் மாப்பிள்ளை. நடு ஆற்றில் துடுப்பு உடைந்தால், அந்த மூக்கை வைத்தாவது தள்ளி, எங்கள் பெண்ணைக் கரை சேர்த்துவிடு.

கரை சேர்த்துவிடு என்ற இடத்தில் மெட்டு மேலே ஏறி, அங்கேயே நிற்கும்.  ஆட்டோக்காரர் கேட்டைப் பிடித்தபடி நின்றார்.

"எதிர்ப்பாட்டு வந்தால்தான் இது வரும்" என்றாள் ஜுன்மணி, தனக்கே சொல்லிக்கொள்வது போல. "மாப்பிள்ளை வீட்டார் பதில் பாடிய பிறகுதான் அம்மா இதை எடுப்பாள். எனக்கு அதுவே மறந்துவிட்டது."

பாய்தேவ் தலையில் அடித்துக்கொண்டார். "நான் இவ்வளவு காலமும் பெண் வீட்டை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தியைத் தனியாகச் சண்டை போடச் சொன்னால் பாதியில்தானே நிற்பாள்?"

பிறகு அவர் திருப்பிப் பாடினார். முதல்முறை, ஜுன்மணி தலையாட்டிவிட்டாள், இல்லை என்று. அடுத்த முறையும், "கடைசி இழுப்பு கீழே விழுகிறது பாய்தேவ்" என்றாள். டாக்டர் சொன்ன ஓய்வு எனக்கு நினைவு வந்தது. சொல்லத் தைரியம் இல்லை. பாய்தேவ் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி பாடினார். அந்தக் கடைசி இடத்தில் குரல் கீறியது, ஆனால் விழவில்லை.

"ஹொய்சே" என்றாள் ஜுன்மணி.

ஷமீம் பேகத்துக்கு இது எதற்கென்று புரியாவிட்டாலும், என் கையிலிருந்து தலைப்பாகையை வாங்கிக்கொண்டே, "மாப்பிள்ளைக்குப் பொண்ணு யாருன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லவே இல்லியே" என்றார். நான் ஆட்டோவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் கெட்டது எதுவும் இல்லை. ஆனால் பேச்சைச் சோதிக்க டாக்டர் ஆ சொல்லச் சொன்னபோது காற்றுதான் வந்தது. பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பாய்தேவ் என்னை விரலால் கூப்பிட்டார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"பாடு" என்றார்.

வார்டைச் சுற்றிப் பார்த்தேன். இருபக்கமும் கட்டில்கள், ஆட்கள். அவர் ஜீப்பில் எத்தனையோ பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவர் கண்ணை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மாப்பிள்ளை வந்தான், மூக்கு முதலில் வந்தது என்று ஆரம்பித்தேன். தப்பு வந்த இடத்தில் கட்டில் கம்பியில் விரலால் தட்டினார். மறுபடி. பக்கத்துக் கட்டில் பெங்காலி அம்மா, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

நர்ஸ் வந்தாள். "சார், வார்டுல பாடக் கூடாது." கொஞ்சம் நின்று, "இன்னா பாட்டு சார் அது?" என்றாள்.

"என் மூக்கப் பத்தின பாட்டு."

அவள் என் மூக்கைப் பார்த்தாள். "மெதுவா பாடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கம்பியில் தட்டுவது நின்ற பிறகும் பாய்தேவ் ஹொய்சே சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை. என் போனை எடுத்து நீட்டினார். கம்பெனியில் சாப்பாட்டு நேரம். தட்டுகள் மோதும் சத்தம். ஜுன்மணியிடம் விஷயத்தைச் சொல்லி, வராந்தாவில் நின்று பாடினேன். அந்தப் பக்கம் சிரிப்பு, பிறகு சிரிப்பு இல்லை. கடைசி இழுப்புக்கு இரண்டு தடவை திருத்தினாள். மூன்றாம் தடவை சொல்லிவிட்டாள். நான் திரும்பிப் போய்ப் பாய்தேவிடம் தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

இப்போது ஜோர்ஹாட்டில் இருக்கிறோம். பாய்தேவுக்குக் குரல் வந்துவிட்டது. பேசுகிறார், என்னைத் திட்டுகிறார், கீழ்ச்சுருதியில் பாடுகிறார். மேல்சுருதி இன்னும் வரவில்லை. வரும் என்று டாக்டர் போனில் சொல்கிறார். ஆட்கள் அந்தப் பாட்டைக் கேட்டால் பாடுவார். கரை சேர்த்துவிடு என்ற இடம் வரும்போது என் பக்கம் திரும்புவார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு இழுப்பை இழுத்துவிட்டு ஜீப்புக்குப் போய்விடுவேன்.

புத்தகம் வந்துவிட்டது. ஒவ்வொரு பாட்டின் கீழும் பாடியவர் பெயரும் திருப்பிப் பாடியவர் பெயரும் இருக்கும். இந்தப் பாட்டின் கீழே பாய்தேவ் பெயரோடு என் பெயரும் இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "உன் மூக்கு, உன் பொறுப்பு" என்றார். அதோடு விடவில்லை. "பெண் வீட்டுப் பாட்டு என் புத்தகத்தில் ஏறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பதில் உன் மொழியில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மறுபடி பாதிப் பாட்டுதான். நீ எழுது" என்றார். அதற்காகத்தான் இவ்வளவும்.

ஷமீம் பேகத்துக்குப் போன் செய்தேன். "அது அப்ப வந்துச்சு, போய்ட்டுது. இன்னொரு மாப்பிள்ளைய ஒக்கார வைங்க, வரும்" என்றார். கஸ்தூரி பாடியது என்னிடம் இருக்கிறது. அவளுக்குப் போனில் திருப்பிப் பாடிக் காட்டினேன். "சரியாத்தாண்ணா இருக்குது" என்று சொல்லிவிட்டாள். ஆகையால் எழுதுகிறேன்.

மூக்கு நீண்டா இன்னாம்மா, மோசம் ஒண்ணும் இல்லம்மா,
உங்க பொண்ணு அழுதாக்க உச்சி மோந்து தேத்துவான்.

எழுதி முடித்தது சித்திரை முதல் தேதி. இங்கே மாடுகளை ஆற்றில் குளிப்பாட்டும் பிஹு நாள்.